பீரோ தொறந்திருக்கா?

பாண்டிச்சேரியில் உப்பளம் என்கிற பேட்டையில் இருந்த என் அறையை நான் ஆபீஸ் என்பேன். என் ஆட்கள் கடை என்பார்கள். பிரான்சிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் முசியே மட்டும் அதைப் பீரோ என்பார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பிரெஞ்சில் ஆபீசுக்குப் பெயரே பீரோதானாம். அவர் வாயில் அது புய்ரோவுக்கும் பீரோவுக்கும் நடுவே எங்கேயோ விழும். "தம்பி, பீரோ தொறந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் படி ஏறுவார். திறந்திருக்கும். பந்த் என்றாலும் புயல் என்றாலும் என் ஆபீஸ் திறந்திருக்கும். இந்த ஊரில் வேறு யாராவது அப்படிச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

என் தொழில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீடு சும்மா இருக்காது. கரையான் ஏறும், மோட்டார் இறுகிப்போகும், புறா வந்து குடித்தனம் பண்ணும். அந்த வீடுகளின் சாவி என்னிடம் இருக்கும். வாராவாரம் ஜன்னலைத் திறந்து காற்று விடுவது, குழாயைத் திறந்து தண்ணீர் ஓட விடுவது, சொந்தக்காரர் வருவதற்கு முன்னால் வெள்ளையடித்து மெத்தையை வெயிலில் போடுவது, எல்லாம் என் பொறுப்பு. பிளம்பர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாரும் என் கையில். வீட்டுக்காரர் ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கினால் பிரிட்ஜில் பால் இருக்க வேண்டும். இருக்கும்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். என் அப்பா மில்லில் வேலை செய்தார். மில் நின்றதும் வீடும் நின்றுபோனது. நான் பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கப் போனேன். முசியே அப்போது லீவில் வந்திருந்தார். ஒரு பெரிய கட்டிலை மாடிக்கு ஏற்ற ஆள் தேடி மார்க்கெட்டுக்கு வந்தவர் கண்ணில் நான் பட்டேன். அந்தக் கட்டிலைப் பார்த்த மற்ற ஆட்கள் முடியாது என்று திரும்பிப் போனார்கள். நான் முதுகில் கட்டி ஏற்றினேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒருவாட்டி ஜன்னல தொறந்து வெய்" என்றார். தொழில் தொடங்கியது அப்படித்தான். அவர் பாரிசில் சொன்னார். பாரிசில் கேட்டவர்கள் மார்சேயில் சொன்னார்கள். படித்தவன் விளம்பரம் கொடுப்பான். எனக்கு ஒரு சொல்தாவின் வாய் போதும்.

ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தேக்குப் பலகை. பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு சாவிக்கொத்து. எந்தச் சாவியிலும் பெயர் இருக்காது, கதவு எண் இருக்காது. திருடன் அள்ளிக்கொண்டு போனாலும் எது எந்த வீட்டுக்கு என்று தெரியாது. எனக்குத் தெரியும். காலையில் என் ஆட்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். டீ வரும். நான் சாவியை எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் சாவி திரும்ப வந்து ஆணியில் ஏறும். எந்த ஆணி காலியாக இருக்கிறதோ அந்த வீட்டில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பலகையைப் பார்த்தால் எனக்கு ஊரே தெரியும்.

அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் காலமானார். பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி என்னைக் காலி பண்ணச் சொன்னார். நான் டவுன் முழுக்க அறை தேடினேன். சனி ஞாயிறு வந்து தங்குகிறவர்களுக்குத் தருவதற்கென்று ஒவ்வொரு அறையிலும் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு அம்மா என்னிடம், "ஆபீசுக்கா? ஏசி ரூமு இருக்குது, நைட்டுக்கு மட்டும்தான் குடுப்போம்" என்றாள்.

உழவர்கரையில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. மூட்டை தூக்கியவன் கட்டிய மாடி வீடு. மாடியில் என் மகள் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. மகள் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"கீழ் ரூம் சும்மாதானப்பா கெடக்குது. ஆபீச வீட்டுலயே வெச்சுக்கோங்க."

"வீட்டுல வெச்சா அது ஆபீசா?"

"நான் மேல இன்னா, கோலமா போட்டுட்டிருக்கேன்?"

"ஒனக்கு கம்ப்யூட்டர் இருக்குது."

"ஒங்களுக்கு போன் இருக்குது. நீங்க தொழில் பண்றதே வாயாலதான?"

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி சிரித்தது கேட்டது.

"பொங்கல் வரைக்கும் நடத்திப் பாருங்க" என்றாள் மகள். "சரிப்பட்டா செய்யுங்க. சரிப்படலன்னா சாவியெல்லாம் அவங்கவங்களாண்ட குடுத்துட்டு நிம்மதியா ஒக்காருங்க. ஒடம்பும் முன்ன மாதிரி இல்ல."

நிம்மதியாக உட்காருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் பேப்பர், அப்புறம் மாத்திரை, அப்புறம் கேட்டைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற வண்டியைப் பார்ப்பது. யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. என்னிடம் இந்த ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது: அண்ணே சாவி, மொதலாளி மோட்டார், தம்பி பீரோ. அது நின்றால் நான் யார்? சட்டை போட்ட ஒரு கிழவன். ஆகவே சரி என்றேன். எதில் இறங்கித் தோற்றேன் நான், இதில் தோற்க?

கீழ் அறை சும்மா கிடக்கவில்லை என்பது போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கட்டில் இருந்தது, அரிசி டிரம் இருந்தது, தையல் மிஷின் இருந்தது, என் வீட்டுக்காரியின் இரும்புப் பீரோ இருந்தது. தேக்குப் பலகையை மாட்ட நான் ஆணியும் சுத்தியலும் எடுத்ததும் அவள் ஓடி வந்தாள்.

"டைல்ஸ் ஒட்டுன செவத்துல ஆணி அடிக்காதீங்க. விரிசல் வுட்டுடும்."

"அப்ப சாவிய எங்க மாட்டறது?"

"பீரோவுல வைங்க. பூட்டுனா பத்திரமாவும் இருக்கும்."

பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுக் கொக்கிகள் ஒட்டி அதில் சாவிகளை மாட்டினேன். மேல் தட்டில் பட்டுப்புடவை, நடுவில் என் வேட்டி, கதவில் பாதிப் பாண்டிச்சேரி. பலகை கட்டிலுக்கு அடியில் போனது. வாசலில் போர்டு வைக்கலாம் என்றால், போர்டு வைத்தால் கரண்ட் பில் கடைக் கணக்கில் வரும் என்றாள் மகள். போர்டும் கட்டிலுக்கு அடியில் போனது.

முசியேவுக்குப் போன் பண்ணி ஆபீஸ் இடம் மாறியதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. குளிர்காலத்தில் எப்படியும் வருவார். வந்ததும் நேரில் கூட்டிவந்து காட்டலாம், அதற்குள் அறையைச் சரிபண்ணிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செண்ட் அடித்து, சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு வேலைக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. போன் வந்தது, பிளம்பர்.

"மொதலாளி, கேட்டாண்ட நிக்குறேன்."

"உள்ள வாயேன்டா."

"பரவால்ல மொதலாளி. சாவிய மட்டும் குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன்."

நான் எழுந்து போய்க் கூட்டிவந்தேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டான். வாசலில் கால் கழுவக் குழாய் தேடினான். உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி தட்டில் வைத்து டீ கொடுத்தாள். அவள் நல்லவள், முதல் வாரம் எல்லாருக்கும் கொடுத்தாள். ஆனால் அந்த டீயைக் குடிக்கும்போது அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. உப்பளத்தில் இதே ஆள் டீ கிளாசோடு உட்கார்ந்தால் ஊர்க்கதை முழுவதும் கொட்டுவான். எந்தத் தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் கசிகிறது, யார் வீட்டைப் பிள்ளைகள் பங்கு போடப் போகிறார்கள், யார் பாரிசிலிருந்து டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அந்தப் பெஞ்சில்தான் சேதி வரும். என் தொழிலில் பாதி அந்தச் சேதி. வீட்டுச் சுவருக்குள் யாரும் சேதி பேசவில்லை. "அண்ணி இருக்காங்க மொதலாளி" என்று பெயிண்டர் கண்ணால் காட்டுவான். கொஞ்ச நாளில் எல்லாரும் கேட்டோடு நின்றுவிட்டார்கள். வண்டியை அணைக்கக்கூட மாட்டார்கள். நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு லுங்கியோடு ஓடுவேன்.

என் குரல் வேறு. நான் மார்க்கெட்டில் பேசக் கற்றவன். என் போன் பேச்சு போன் இல்லாமலே கேட்கும் என்பார்கள். ஒரு நாள் செப்டிக் டேங்க் லாரிக்காரன் காலையில் வருவதாகச் சொல்லி மத்தியானம் வரை வரவில்லை. அவனிடம் எந்த பாஷையில் பேச வேண்டுமோ அந்த பாஷையில் பேசினேன். மகள் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். காதில் இருந்த கருவியைக் கையால் பொத்தியிருந்தாள்.

"அப்பா! மீட்டிங்ல இருக்கேன். பெங்களூர்ல இருக்கறவங்க எல்லாம் கேட்டுட்டாங்க."

"கேக்கட்டுமே. அவங்க ஊருல டேங்கு ரொம்பாதா?"

"சிரிக்கறாங்கப்பா. எனக்குத்தான் அசிங்கமா இருக்குது."

வீட்டிலிருந்து வேலை செய்வது சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு அன்று நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். இலவசமாக. உன் வேலைக்கு வாசனை இருக்கிறதா என்று பார். என் மகள் வேலைக்கு வாசனை கிடையாது, சத்தம் கிடையாது, செருப்பு கிடையாது. அது வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. என் வேலையில் சாக்கடை இருக்கிறது, வார்னிஷ் இருக்கிறது, வியர்வையோடு வந்து உட்காரும் ஆம்பிளைகள் இருக்கிறார்கள். அதற்குத் தெருவைப் பார்த்த கதவு வேண்டும். இதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அப்புறம் அந்த வார்த்தை. "வீட்டுலதான இருக்கீங்க."

கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வைங்க, வீட்டுலதான இருக்கீங்க. கறிவேப்பிலை இல்ல, வீட்டுலதான இருக்கீங்க. கொரியர் வந்தா கையெழுத்து போடுங்க, வீட்டுலதான இருக்கீங்க. நான் ஆபீசில் இருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "ஆமாமா, ஆபீசுதான். கொஞ்சம் அரிசி டிரம்ம நவுத்துங்க" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் மேல் குற்றம் இல்லை. அவளைப் பொறுத்தவரை ஆபீசுக்குப் போகிற மனிதன் காலையில் போய்விடுவான், ராத்திரி வருவான். இவன் போகவே இல்லையே. தீபாவளி கழிந்த பிறகு வெள்ளைச் சட்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் கட்டில் கூப்பிட்டது. வாழ்நாளில் பகலில் படுக்காதவன் படுத்தேன். கீழே பலகை, மேலே நான்.

அந்த மாதிரி ஒரு நாளில்தான் இட்லி மாவுக்கு ஊறவைத்த அரிசியை எடுத்துக்கொண்டு மாவு மிஷினுக்குப் போனேன். போனை பீரோ மேல் சார்ஜில் போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் ஹாலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கி ஒரு திருடனப் புடிச்சேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

போனில் பேசி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி மகள் அவளுக்கு முன்னமே பாடம் நடத்தியிருந்தாள். போலீஸ் என்பான், பேங்க் என்பான், நம்பாதே என்று. அன்றைக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். எடுத்த எடுப்பில் என்ன கேட்டான் தெரியுமா?

"'பீரோ தொறந்திருக்கா'ன்னு கேக்கறான்! எப்படி இருக்கும் எனக்கு? ஏன்டா, எங்கூட்டு பீரோ தொறந்திருந்தா ஒனக்கு இன்னாடான்னேன். வெச்சுட்டேன். மறுபடியும் பண்றான். 'பீரோவுல யாரும் இல்லியா, சாவி பீரோவுலதான இருக்குது'ங்கறான். சாவி இருக்கற எடம் வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கான் பாருங்களேன்! இழுத்து இழுத்து பேசறான். கெழவன் மாதிரி குரல மாத்திக்கறான். ஒம்மேல போலீசுல குடுப்பேன்டான்னு கத்துனேன் பாருங்க, கப்சிப்."

"அந்த நம்பர பிளாக் பண்ணிட்டேன்பா" என்றாள் மகள்.

நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா? சாயங்காலம் கேட்டில் நின்று, எதிர்வீட்டுக்காரரிடம், என் வீட்டுக்காரி பேச்சில் திருடனையே விரட்டினாள் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கேள்வியை எத்தனை வருடம் படியேறி வரும் சத்தத்தோடு கேட்டவன் நான். என் காதில் அது விழவில்லை. உப்பளத்தில் இருந்திருந்தால் விழுந்திருக்கும். இந்த வீட்டில் பீரோ என்றால் இரும்புப் பீரோதான். நானே அப்படித்தான் கேட்டேன்.

சில நாள் கழித்து பிளம்பர் சாவி வாங்க வந்தான். வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"முசியேவுக்கு ஒடம்பு சரியில்லையா மொதலாளி? கால் வீங்கியிருக்குது."

"எந்த முசியே?"

"நம்ம முசியேதான். பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜில இருக்காரே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சொந்த வீடு வைத்துக்கொண்டு லாட்ஜில். நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் எப்போதும் சொல்லாமல்தான் வருவார். வந்து நின்று, ஆபீஸ் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு பட்டாளத்து சந்தோஷம். நான் பீரோவைத் திறந்து அவர் சாவிக்கொத்தை எடுத்தேன். சட்டை மாட்டினேன். பிளம்பர் வண்டியிலேயே ஏறிப் போனேன்.

லாட்ஜ் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் ஊதிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. என்னைப் பார்த்தார். கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்குப் போய், சிலுவை போட்டுக்கொண்டது.

"தம்பி... நீ இருக்கியா?"

"இருக்கேன் முசியே. இன்னா இப்படி கேக்கறீங்க?"

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டா."

மெல்ல மெல்லச் சொன்னார். டாக்சியில் பெட்டியோடு நேரே உப்பளத்துக்குப் போயிருக்கிறார். படியே இல்லை. வரிசையாக ஸ்கூட்டர். அங்கே இருந்தவனிடம், "இங்க பீரோ இருந்ததே, எங்க?" என்று கேட்டிருக்கிறார். பழைய பீரோ கட்டில் எல்லாம் மார்க்கெட் பக்கம்தான் கிடைக்கும் பெருசு என்று அவன் வழி காட்டியிருக்கிறான். இந்த ஊரில் வாங்கிய சிம்மிலிருந்து எனக்குப் போன் பண்ணினால் ஒரு பெண் கத்துகிறாள், எங்கள் வீட்டுப் பீரோவைப் பற்றிப் பேசாதே, போலீசுக்குப் போவேன் என்று.

"நீ போயிட்ட, சொந்தக்காரங்க எல்லாம் கூடி பீரோவத் தொறக்கறதுக்கு அடிச்சிக்கறாங்கன்னு நெனச்சேன். அந்த நேரத்துல எஞ்சாவியக் குடுன்னு போய் நிக்கறது மரியாதையா? அதான் லாட்ஜுக்கு வந்துட்டேன். கோயில்ல ஒனக்கு ஒரு பூசை வெச்சேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். ஆபீஸ் வீட்டுக்கு வந்தது, சாவிகள் இரும்புப் பீரோவுக்குள் போனது, என் வீட்டுக்காரி அவரைத் திருடன் என்று நினைத்தது. முசியே சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிளம்பர் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சரி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆட்களைக் கையாள என்னைவிட ஆள் இல்லை என்று அந்த நிமிடம்கூட எனக்கு நினைப்பு.

சாவியை நீட்டினேன். "வாங்க முசியே, வீட்டத் தொறந்து வுடறேன். இன்னிக்கே மெத்தைய வெயில்ல போடச் சொல்றேன்."

சாவியை வாங்கினார். எப்போதும் ஒரு சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு கொத்தை என்னிடமே திருப்பித் தருவார். அன்றைக்குக் கொத்தோடு தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"தம்பி, பீச் பக்கம் ஒரு கம்பெனி இருக்குது. இந்த மாதிரி வீடெல்லாம் பாத்துக்கறாங்க. கையெழுத்து போட்டுட்டேன்."

"நான்தான் இருக்கேனே."

"இருக்க. ஆனா இல்லன்னு நெனச்சப்ப போட்டுட்டேன். அவங்களுக்கு பீரோ இருக்குது. போனா ஒரு ஆள் ஒக்காந்திருக்கான்."

"எனக்கும் பீரோ இருக்குது முசியே. வீட்டுல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது.

"வீட்டுல இருக்கறது வீடு, தம்பி."

எழுந்து கிளம்பும்போது இன்னொன்றையும் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. நான் போய்விட்டதாகப் பாரிசுக்கும் மார்சேக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். "இல்ல, இருக்கான்னு இன்னிக்கே திரும்பச் சொல்லிடறேன்" என்றார். சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன் என்ற சேதிக்கு, செத்துவிட்டேன் என்ற சேதிக்கு இருந்த வேகம் இல்லை. எந்த வாய் என் தொழிலை உண்டாக்கியதோ அதே வாய் ஒரே மத்தியானத்தில் முடித்துவைத்தது. அது அவ்வளவு பெரிய வாய். நான் சாதாரண ஆளிடம் தொழில் கற்கவில்லை.

மார்கழி முழுக்க அவர்கள் வந்தார்கள். வீட்டுக்காரர்களின் தம்பி, மச்சான், ஒன்றுவிட்ட அக்கா. கேட்டில் வந்து நின்று, தயங்கி, முகத்தைத் துக்கத்துக்குத் தயார்பண்ணிக்கொண்டு அழைப்புமணியை அழுத்துவார்கள். கதவைத் திறப்பது நான். ஒரு அம்மா அலறியே விட்டாள். அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து, பீரோவைத் திறந்து சாவியை எடுத்துத் தருவேன். பெயரில்லாத சாவிகள்; ஒன்றுகூட மாறிப்போகவில்லை. "மறுபடியும் தேவைப்பட்டா சொல்றோம்ணே" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். ஒருமுறை செத்தவனிடம் யாரும் சாவி கொடுப்பதில்லை. அது எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் ஒருவாட்டி யாருன்னு கேட்டிருக்கலாம்" என்றாள். "நீ கேட்டிருந்தாலும் அவரு பீரோன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றேன். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பீரோவைக் காப்பாற்றத்தானே கத்தினாள். காப்பாற்றிவிட்டாள்.

பிளம்பரும் பெயிண்டரும் இப்போது பீச் பக்கத்துக் கம்பெனியில் இருக்கிறார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியாதவர்கள், ஆனால் வாசலில் பெஞ்ச் போட்டிருக்கிறார்களாம். பிளம்பர் சொன்னான். அவன் எப்போதாவது போன் பண்ணுவான். கேட்டுக்கு வருவதில்லை. வந்து வாங்கிப்போக எதுவும் இல்லையே.

பொங்கல் வந்தது. மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்பாள் என்று பதில் தயார்பண்ணி வைத்திருந்தேன். சரிப்படாது என்று ஒத்துக்கொள்வேன், ஆனால் காரணம் நானில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன், ஒரு நல்ல அறை கிடைத்தால் மறுபடியும் தொடங்குவேன் என்பேன். அவள் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆக, முடிவு எனக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

அறைக்கு நான் இன்னும் போகிறேன். வேறு எங்கே போவது? காலையில் பேப்பரை அங்கேதான் படிக்கிறேன். பீரோக் கதவின் கொக்கிகள் கொஞ்ச நாள் காலியாக இருந்தன. காலி ஆணி என்றால் அந்த வீட்டில் ஆள் வேலையாக இருக்கிறான் என்று பழக்கத்தில் ஒரு நிமிடம் தோன்றும். எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறான், நல்லது என்று தோன்றும். அப்புறம் ஞாபகம் வரும். இப்போது அந்தக் கொக்கிகளில் அவளுடைய பாசிமணி மாலையும் ரேஷன் பையும் தொங்குகின்றன. என்னுடைய எக்ஸ்ரே கவரும் ஒன்றில் தொங்குகிறது.

நேற்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பீரோ தொறந்திருக்கா?"

"தொறந்திருக்குது" என்றேன்.

"பூட்டிட்டு வாங்க. சோறு ஆறுது."

பூட்டினேன். போய் இலைமுன் உட்கார்ந்ததும் அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு சோறு போட்டாள்.